பட்டறைப் பதில்கள்: சோபாவைக் கவிழ்த்து லேபிளைப் படியுங்கள்

போன இதழில் பழைய சோபாவின் ஃபோம் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தேக்குக் கட்டில், பிரம்பு நாற்காலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் சோபா, மெத்தை, அலமாரி ஆகியவற்றில் கலந்திருக்கும் ரசாயனங்கள் மட்டும்தான். நான் டாக்டர் இல்லை. சான் ஹோசே பக்கம் சோபாவுக்குத் துணி மாற்றும் பட்டறை வைத்திருப்பவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சோபா 2003ல் வாங்கியது. இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. அடியில் ‘கலிஃபோர்னியா டெக்னிக்கல் புல்லட்டின் 117 விதிக்கு உட்பட்டது’ என்று லேபிள் இருக்கிறது. பேத்திக்கு 8 மாதம், அதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கிறாள். விஷம், தூக்கிப் போடு என்கிறாள் மகள். அரசாங்கமே சான்று கொடுத்த சோபா எப்படி விஷமாகும்? — ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு பாட்டி

அம்மா, அரசாங்கம் போட்ட விதியால்தான் அது உள்ளே வந்தது. நம்மில் பலருக்கு இது புரிவதில்லை. ரசாயனம் என்றாலே ஏதோ ஒரு கம்பெனி சட்டத்தை ஏமாற்றிக் கலந்துவிட்டது என்று நினைக்கிறோம். உங்கள் சோபாவைச் செய்தவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதால்தான் கலந்தார்.

1975ல் கலிஃபோர்னியா ஒரு விதி கொண்டுவந்தது. அதுதான் உங்கள் லேபிளில் இருக்கும் 117. துணி போர்த்தாத வெறும் ஃபோம் துண்டை ஒரு சிறு சுடரில் 12 விநாடி காட்ட வேண்டும், அது பற்றிக்கொண்டு எரியக் கூடாது. ரசாயனம் கலக்கச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் பாலியூரிதேன் ஃபோம் பெட்ரோலியத்தில் பிறந்தது. சும்மா விட்டால் குபுகுபுவென்று எரியும். சோதனையில் தேற மலிவான வழி, ஃபோம் செய்யும்போதே தீத்தடுப்பு ரசாயனத்தைக் கலந்துவிடுவது. கலிஃபோர்னியா பெரிய சந்தை. ஒரு மாநிலத்துக்கு ஒரு சோபா, மற்ற மாநிலங்களுக்கு வேறு சோபா என்று யார் செய்துகொண்டிருப்பார்கள்? அதனால் ஓஹையோவில் விற்ற சோபாவிலும் இந்த லேபிளைப் பார்க்கலாம்.

2003ல் வாங்கியது என்றால் உங்கள் ஃபோமில் பெரும்பாலும் இருப்பது பென்டா பி.டி.இ. என்ற புரோமின் கலந்த சரக்கு. ஃபோமின் எடையில் 100க்கு 3 முதல் 5 பங்கு வரை கலப்பார்கள். சோபாவில் 10 கிலோ ஃபோம் என்று வைத்தாலே அரைக் கிலோ வரை ஆகிவிடும். அது ஃபோமோடு ஒட்டிப் பிணைந்து இருப்பதில்லை, சும்மா கலந்து கிடக்கிறது. அதனால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து தூசியில் சேரும். நீங்கள் தொப்பென்று உட்காரும்போது குஷனிலிருந்து வரும் காற்றில் அதுவும் வரும். தரையில் தவழ்ந்து, அந்தக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் பெரியவர்களைவிட அதிகம் போகும். தைராய்டு சுரப்பியின் வேலையைக் குழப்புவதும், கருவில் இருக்கும்போது அதிகம் பட்ட குழந்தைகளின் அறிவு வளர்ச்சி சற்றுக் குறைவதும் பல ஆய்வுகளில் தெரிந்தவை. அமெரிக்கர்களின் ரத்தத்தில் இது ஐரோப்பியர்களைவிடப் பல மடங்கு இருந்தது. கலிஃபோர்னியாக்காரர்களுக்கு இன்னும் கூடுதல். 117ன் உபயம்தான்.

கலிஃபோர்னியா 2003லேயே இந்தப் பென்டாவைத் தடை செய்யச் சட்டம் போட்டது. இங்கே தயாரித்த கம்பெனியும் 2004 முடிவோடு நிறுத்திக்கொண்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 12 விநாடிச் சோதனை அப்படியே இருந்ததே! பென்டா போன இடத்தில் ட்ரிஸ் என்ற இன்னொரு தீத்தடுப்பு ரசாயனம் வந்தது. அது யார் தெரியுமா? 1970களில் குழந்தைகளின் இரவு உடுப்பில் பயன்பட்ட வகையறா. பெர்க்லியில் ஆர்லீன் ப்ளம் என்ற வேதியியலாளர், உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸோடு சேர்ந்து, புரோமின் ட்ரிஸ் மரபணுவைக் கெடுக்கும் என்று 1977ல் எழுதினார். அந்த வருடமே குழந்தை உடுப்பில் அதற்குத் தடை வந்தது. அதன் குளோரின் தம்பியையும் உடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தம்பிதான் பிறகு நம் சோபாவுக்குள் வந்து உட்கார்ந்தது. 2012ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹெதர் ஸ்டேபிள்டன் குழுவினர் 102 சோபாக்களின் ஃபோமைச் சோதித்தார்கள். 100க்கு 85ல் ஏதோ ஒரு தீத்தடுப்பு ரசாயனம் இருந்தது. (இந்த ஆர்லீன் ப்ளம் 1978ல் அன்னபூர்ணா சிகரத்துக்குப் பெண்கள் குழுவை அழைத்துப் போனவரும்கூட. பின்னாளில் தன் பூனைக்குத் தைராய்டு நோய் வந்தபோது வீட்டுத் தூசியைச் சோதிக்கக் கொடுத்து, அதில் பென்டா வகை ரசாயனம் நிறைய இருப்பதைக் கண்டுபிடித்தார்.)

ஆக, மகள் சொல்வது சரி. வசதி இருந்தால் மாற்றுங்கள். உடனே முடியாது என்றால் கிழிந்த குஷனை முதலில் அப்புறப்படுத்துங்கள். ஃபோம் வெளியே தெரியும் குஷன்தான் மோசம். வாரம் ஒரு முறையாவது, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் போடுங்கள், ஈரத் துணியால் தரையைத் துடையுங்கள். பேத்திக்குச் சோறு ஊட்டும் முன் அவள் கையையும் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி கிளம்பி மறுபடி அங்கேயே விழும்.

ரசாயனத்தை எடுத்துவிட்டால் வீடு எரிந்துபோகாதா? எங்கள் வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறோம். — சாக்ரமென்டோ வாசகர்

சோபாவில் வெறும் ஃபோம் மேலா உட்காருகிறீர்கள்? மேலே துணி இருக்கிறது. வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எரிவது துணி. துணி எரிந்து ஃபோமைத் தொடும்போது அது சோதனைச் சாலையின் சிறு சுடர் இல்லை, பெருந்தீ. அந்தத் தீயிடம் இந்த ரசாயனம் ஒன்றும் செய்ய முடியாது. புகையையும் நச்சு வாயுவையும் கூட்டுவதுதான் மிச்சம். தீ விபத்துகளில் பெரும்பாலோர் புகையால் சாகிறார்கள். இந்த ரசாயனங்களுக்கு எதிராகத் தீயணைப்பு வீரர்களே சட்டசபைக்கு வந்து பேசியதற்கு அதுதான் காரணம். அந்தப் புகைக்குள் போகிறவர்கள் அவர்கள்தானே.

எதிர்ப்பக்கத்தில் பேசியவர்களையும் சொல்ல வேண்டும். ‘தீயிலிருந்து பாதுகாப்பு கோரும் குடிமக்கள்’ என்று பொருள் தரும் பெயரில் ஓர் அமைப்பு இருந்தது. அதன் உறுப்பினர்கள் ஆல்பமார்ல், கெம்சுரா, ஐ.சி.எல். என்ற மூன்று ரசாயனக் கம்பெனிகள்தான். சியாட்டிலைச் சேர்ந்த பிரபல தீக்காய மருத்துவர் ஒருவர், ரசாயனம் இல்லாத தலையணையால் எரிந்து இறந்த கைக்குழந்தையைப் பற்றிக் கலிஃபோர்னியா சட்டசபைக் குழுவின் முன் உருக்கமாகச் சொன்னார். அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று சிகாகோ ட்ரிப்யூன் நிருபர்கள் 2012 மே மாதம் தொடராக எழுதிப் போட்டுடைத்தார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. வியாபாரத்துக்காகப் பேசலாம், செத்த குழந்தையைக் கற்பனை செய்து பேசுவதா?

அடுத்த மாதமே கவர்னர் ஜெர்ரி பிரவுன் விதியை மாற்றச் சொன்னார். புது விதியின் பெயர் 117-2013. இதில் சுடர் கிடையாது. எரியும் சிகரெட்டைத் துணியின் மேல் வைத்து, கனன்று பரவுகிறதா என்று பார்ப்பார்கள். சோபாத் தீயில் உயிர்ப்பலிக்குப் பெரிய காரணம் சிகரெட்தான் என்பதால் இது புத்தியுள்ள சோதனை. சரியான துணியைத் தேர்ந்தெடுத்தாலே தேறிவிடலாம், ரசாயனம் வேண்டாம். கெம்சுரா வழக்குப் போட்டுப் பார்த்தது, 2014ல் சாக்ரமென்டோ நீதிமன்றத்தில் தோற்றது. 2015 ஜனவரி 1 முதல் புது விதி கட்டாயமானது.

விளக்கு விஷயம்: சாமி அலமாரியைச் சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். கார்த்திகைக்கு ஜன்னல் விளிம்பில் அகல் வைக்கிறவர்கள் திரையை முடிச்சுப் போட்டு மேலே தூக்கிவிடுங்கள். புகை அலாரத்தின் பேட்டரியை, தாளிக்கும்போது கத்துகிறது என்று கழற்றி வைத்தவர்கள் இன்றே மாட்டுங்கள். உங்களை எழுப்பிவிடுவது அதுதான்.

அப்பா வாங்கிய சோபா, மரச் சட்டம் அருமையாக இருக்கிறது. ஃபோமை மட்டும் மாற்றினால் போதுமா? — சன்னிவேல் வாசகர்

போதும். என் பட்டறைக்கு வரும் நல்ல வேலைகளில் பாதி இதுதான். 2020 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் புது சோபா, குழந்தைச் சாமான், மெத்தை ஃபோம் எதிலும் பட்டியலில் உள்ள தீத்தடுப்பு ரசாயனம் பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சட்டசபையில் ஏ.பி. 2998 என்ற எண். அந்தச் சட்டம் என் போன்ற துணி மாற்றுகிறவர்களையும் பெயர் சொல்லிக் கட்டுகிறது: நாங்கள் உள்ளே வைக்கும் புதுப் பொருளிலும் அந்த அளவு தாண்டக் கூடாது. ஆகவே ஆளைத் தேடும்போது ‘ஃபோம் எங்கே வாங்குகிறீர்கள், சப்ளையர் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறதா’ என்று கேளுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

இருக்கைக் குஷனை மட்டும் மாற்றிவிட்டு, கைப்பிடியிலும் முதுகிலும் உள்ள பழைய ஃபோமை விட்டுவிடுவது பலர் செய்யும் சிக்கனம். செய்யாதீர்கள், அதுவும் அதே சரக்குதான். பிரிக்கும் வேலையை வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஃபோம் கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிரும். நாங்கள் வெளியில் வைத்து, முகமூடி போட்டு, ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கி, ஃபோமை நேராகப் பையில் கட்டிவிடுவோம். ஸ்பிரிங், பெல்ட், சட்டம் எல்லாவற்றையும் வாக்குவம் போட்ட பிறகுதான் உள்ளே கொண்டுபோவோம்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் பல நிறத் துண்டுகளை ஒட்டினாற்போல ஒரு மெத்தை இருக்கும். அது பழைய ஃபோம் கழிவுகளை அரைத்துச் சேர்த்தது. சோபாவை மாற்றிவிட்டு அதன் மேல் குழந்தையைத் தவழ விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

எங்கள் டெக்சஸில் இப்படிச் சட்டமே இல்லையே, நாங்கள் என்ன செய்வது? — ஹூஸ்டன் வாசகி

கலிஃபோர்னியாவின் சிகரெட் சோதனையை மத்திய அரசு நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டுவிட்டது. 2020 டிசம்பரில் கோவிட் நிவாரணத்துக்காகப் போட்ட பெரிய மசோதாவுக்குள் இதையும் செருகி நிறைவேற்றினார்கள். 2021 ஜூன் 25 முதல் நடைமுறை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமான சி.பி.எஸ்.சி.யின் பெயர் போட்ட லேபிள் உங்கள் ஊர் சோபாவிலும் இருக்க வேண்டும்.

ஆனால் கவனியுங்கள், ரசாயனம் இல்லாமலே தேறலாம் என்றுதான் அந்த விதி வழிவிடுகிறது. ரசாயனம் கூடாது என்று அது சொல்லவில்லை. கூடாது என்று சொல்வது மாநிலங்கள்தான். மெத்தை வைத்துத் தைத்த சாமான்களில் தீத்தடுப்பு ரசாயனத்துக்கு மொத்தமாகத் தடை போட்டதில் மெய்ன் முந்திக்கொண்டது: 2017ல் கவர்னர் மறுத்தும், அவர் மறுப்பைத் தள்ளிவிட்டுச் சட்டசபை நிறைவேற்றியது. வாஷிங்டன், மாசசூசெட்ஸ், நியூயார்க் என்று ஒவ்வொன்றும் தன் வழியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. டெக்சஸ்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். கடையில் சோபாவைத் தூக்கிக் கலிஃபோர்னியா லேபிளைத் தேடுங்கள். 2015லிருந்து அதில் இரண்டு கட்டம் இருக்கும். தீத்தடுப்பு ரசாயனம் சேர்த்திருக்கிறது, சேர்க்கவில்லை, இரண்டில் ஒன்றில் குறி போட்டிருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் எல்லா ஊருக்கும் ஒரே லேபிளைத்தான் தைக்கின்றன. குறி இல்லாமல் இரண்டும் காலியாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

பெட்டியில் சுருட்டி வந்த மெமரி ஃபோம் மெத்தை. உறையைத் துவைக்கலாம் என்று ஜிப்பைத் திறந்தேன். வீடெல்லாம் பளபளவென்று ஏதோ பொடி, உடம்பெல்லாம் அரிப்பு. — சான் டியாகோ வாசகி

கண்ணாடி இழை, தங்கச்சி. மெத்தைகளுக்கு 2007லிருந்து தனியாக ஒரு மத்திய விதி உண்டு, அதில் பெருஞ்சுடர்ச் சோதனை. ரசாயனம் கலக்காமல் மலிவாகத் தேறுவதற்காகச் சில கம்பெனிகள் உள்ளுறையைக் கண்ணாடி இழையில் பின்னின. வெளியுறை மூடியிருக்கும் வரை தொந்தரவு இல்லை. திறந்தால் இப்படித்தான். ஜிப் வைத்துக் கொடுத்துவிட்டு ‘திறக்காதே’ என்று பொடி எழுத்தில் போடுகிறவர்களை என்ன சொல்ல!

ஏசியையும் ஹீட்டரையும் உடனே நிறுத்துங்கள், காற்றோடு வீடு முழுக்கப் பரவும். மெத்தையைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுங்கள். ஹெப்பா வாக்குவம் மட்டும் பயன்படுத்துங்கள், துணிகளை வாஷிங் மெஷினில் போட்டு அதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 2027 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் மெத்தையிலும் சோபாவிலும் இந்தக் கண்ணாடி இழைத் துணிக்குத் தடை. அதுவரை வாங்குகிறவர்கள் லேபிளில் ‘ஃபைபர்கிளாஸ்’ அல்லது ‘கிளாஸ் ஃபைபர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுப் புத்தக அலமாரி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கும் வாடை. — எடிசன், நியூஜெர்சி

ஃபார்மால்டிஹைடு. மரத்தூளைப் பசையால் ஒட்டிச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். ஆகியவற்றின் பசையிலிருந்து வருகிறது. இதிலும் கலிஃபோர்னியாதான் முதலில் கணக்குப் போட்டது, 2007ல். ஒபாமா 2010ல் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் அதே அளவுகள் நாட்டுக்கே வந்தன. சோதனை அறையின் காற்றில் பத்து லட்சத்துக்கு 0.09 பங்குக்கு மேல் பார்ட்டிக்கிள் போர்டு விடக் கூடாது, எம்.டி.எஃப். என்றால் 0.11, ப்ளைவுட் என்றால் 0.05. அலமாரியிலோ பெட்டியிலோ அந்தச் சட்டத்தின் பெயரான ‘டி.எஸ்.சி.ஏ. டைட்டில் 6’ (TSCA Title VI) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

இருந்தும் வாடை வருகிறது என்றால், ஜன்னலைத் திறந்து வைத்துச் சில வாரம் விடுங்கள், குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம். வெயில் படும் சுவரோரமும் ஈரம் உள்ள பேஸ்மென்ட்டும் ஆகாது. சூடும் ஈரமும் கூடினால் ஆவியும் கூடும். பலகையை வெட்டியோ துளைத்தோ விட்ட விளிம்புகளை வார்னிஷ் பூசி அடையுங்கள்.

சோபாவோடு கறை பிடிக்காத ஸ்ப்ரே 99 டாலருக்கு என்கிறார் கடைக்காரர். சாம்பார் சிந்தினாலும் ஒட்டாதாம். வாங்கலாமா? — மினியாபோலிஸ் வாசகர்

வேண்டாம். இத்தனை காலமாக அந்த வித்தையைச் செய்தது பி.எஃப்.ஏ.எஸ். என்ற, மண்ணிலும் உடம்பிலும் லேசில் அழியாத ரசாயனக் குடும்பம். உங்கள் மினசோட்டாவே 2025 ஜனவரி 1 முதல் சோபா, கார்ப்பெட், துணிக்குப் பூசும் பூச்சு எல்லாவற்றிலும் அதைத் தடை செய்துவிட்டது. அபூர்வப் புற்றுநோயோடு சட்டசபைக்கு வந்து சாட்சி சொல்லி, 21 வயது நிறையும் முன் இறந்த அமரா ஸ்ட்ராண்டியின் பெயரை அந்தச் சட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் ‘இதில் அது இல்லை’ என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். சாம்பாருக்கு, கழற்றித் துவைக்கும் உறை போதும்.

லண்டனில் இருக்கும் என் தங்கை வீட்டிலும் இதே விதிதானா? — டப்ளின், கலிஃபோர்னியா

இல்லை. 1979ல் மான்செஸ்டர் வூல்வொர்த்ஸ் கடையில் சோபாக்கள் எரிந்து 10 பேர் இறந்தார்கள். பிறகு வந்த 1988ஆம் வருட விதி இன்னும் சுடர்ச் சோதனையைத்தான் கேட்கிறது, துணிக்கும் ஃபோமுக்கும் சேர்த்து. 2025ல் குழந்தைச் சாமான்களை மட்டும் அதிலிருந்து விடுவித்தார்கள். தங்கை சோபாவை மாற்றினாலும் ரசாயனம் இல்லாதது கிடைப்பது சிரமம். ஈரத் துணியும் கை கழுவுவதும்தான் அவருக்கும்.

அபார்ட்மென்ட் வாசலில் ‘இலவசம்’ என்று எழுதி ஒரு தோல் சோபா. எடுத்து வரலாமா அண்ணா? — டேவிஸ், மாணவர்

தம்பி, கவிழ்த்துப் பார். 2015க்கு முந்தைய 117 லேபிள் மட்டும் இருந்தால் விட்டுவிட்டு வா. தடைச் சட்டம் புதுச் சாமானுக்குத்தான், கைமாறும் பழையதை யாரும் தடுக்க மாட்டார்கள். லேபிளே இல்லாவிட்டாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி வேறு இருக்கும்.

‘கிழித்தால் சட்டப்படி தண்டனை’ என்று மெத்தையில் ஒரு லேபிள் தொங்குகிறது. குத்துகிறது, கிழித்துவிடலாமா? — சான் ரமோன் வாசகி

தாராளமாக. அந்தத் தண்டனை கடைக்காரருக்குத்தான், காசு கொடுத்து வாங்கிய உங்களுக்கு இல்லை. கத்தரிக்கும் முன் கைப்பேசியில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தயாரித்த தேதியும் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதும் அதில்தான் இருக்கும். நாளைக்கு என்னிடம் கேள்வி கேட்டு எழுதினால் முதலில் அந்தப் படத்தைத்தான் அனுப்பச் சொல்வேன்.